மூடாத சட்டி

ஜன்னல்களிலிருந்தே தொடங்குகிறேன். அவற்றை விட்டு வேறெங்கிருந்து தொடங்கினாலும் இந்தக் கதை ஒழுங்காக வராது.

கொட்டாஞ்சேனையில், துறைமுகப் பக்கம் இறங்கும் ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் எங்கள் வேலைத்தலம் இருந்தது. கப்பல்களுக்கும் பட்டாள முகாம்களுக்கும் வேண்டிய கொளுவி, பிணைச்சல், திருகாணி, விளக்குக்கூடு என்று இரும்பிலும் பித்தளையிலும் செய்த சாமான்கள் பெட்டி பெட்டியாக வரும். துருப்பிடிக்காதபடி அவற்றுக்கு முலாம் பூசித் திருப்பி அனுப்புவோம். நான் அங்கே ஸ்ரோர் கிளாக்கர், சாமான் கணக்கு எழுதுகிறவன். வீடு வெள்ளவத்தையில், பாமன்கடைக்குப் போகும் ரோட்டில். காலையில் றெயில் ஏறிக் கோட்டையில் இறங்கி, மிச்ச வழியை நடந்து போவேன்.

முலாம் அறை, முற்றத்தின் கடைசியில் தனிக் கட்டடம். உள்ளே மூன்று தொட்டிகள் வரிசையாக இருந்தன. முதலாவதில் அசிட், சாமானின் கறையும் துருவும் அதில் போகும். நடுவில் வெறும் தண்ணீர்; அசிட்டைக் கழுவுவதற்கு. மூன்றாவதுதான் முலாம் தொட்டி. அதில் சயனைட் கரைத்திருக்கும். சயனைட், கோழிமுட்டை அளவான வெள்ளைக் கட்டிகளாக இரும்புப் பீப்பாவில் வரும். தொழிலாளர் அதை ‘முட்டை’ என்றுதான் சொல்வார்கள். முட்டை நஞ்சு என்பது எல்லாருக்கும் தெரியும். வாயில் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டு மணி அடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாத ஒருவனையும் போர்மன் கொன்ஸ்ரன்ரைன் முற்றம் தாண்ட விடமாட்டார்.

அந்த அறைக்குக் கடல் பக்கமாக, வேலைத்தலத்துக் கேற்றிலிருந்தும் தெரியும்படி, நான்கு பெரிய ஜன்னல்கள். காற்று அவற்றால் நுழைந்து கதவால் வெளியேறும். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட அந்த ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு, ஒரு கீற்று வெளிச்சமும் கடலுக்குத் தெரியக்கூடாது என்று கட்டளை வந்தது. கறுப்புத் துணி கட்டிப் பார்த்தார்கள். காற்று தூக்கிக்கொண்டு போயிற்று. கடைசியில் பலகை அறைந்து, இடுக்குகளுக்குத் தார் பூசினார்கள். இரவு வேலையும் தொடங்கிவிட்டபடியால், காலையில் கழற்றி மாலையில் அறைய ஒருவருக்கும் நேரமில்லை. பகலிலும் உள்ளே பல்ப் எரிந்தது.

அதோடு தண்ணீரும் குறைந்தது. நடுத்தொட்டித் தண்ணீரை முன்பெல்லாம் அடிக்கடி மாற்றுவார்கள். இப்போது குழாயில் நூல் போல வந்தது. துறைமுகம் நிறையக் கப்பல், எல்லாம் அங்கேதான் போகிறது என்றார்கள். மாற்றாத தண்ணீர், நாள் போகப்போக அசிட் போலவே கையை எரித்தது. அதில் முக்கி எடுத்ததை அப்படியே முலாம் தொட்டியில் இறக்கினார்கள். ஓடர் அவசரம்.

அறைக்குள் ஒரு மணம் வரத் தொடங்கியது. பச்சை மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்த இடத்தில் வருமே, அந்த மெல்லிய கசப்பு மணம். எனக்கு வாசலில் நின்றாலே தெரியும். சிலருக்கோ மூக்கை வைத்து இழுத்தாலும் தெரியாது.

“கிளாக்கர் ஐயாவுக்குப் பசி” என்று பகிடி விட்டான் கிளெமென்ற். முலாம் தொட்டி அவன் பொறுப்பு. அந்த ஒழுங்கையிலேயே பிறந்து வளர்ந்தவன். மாதா கோயிலில் கனத்த பாஸ் குரலில் பாடுவான்; தொட்டிக்கு முன்னாலும் பாடுவான். பலகை அறைந்த பிறகு பாட்டு நின்றது. தலையிடிக்குது என்று நெற்றியில் ஈரத்துணி கட்டிக்கொண்டு வேலை செய்தான்.

பர்மா அரிசி வராத காலம் அது. கூப்பனுக்குக் கிடைத்த அரிசி பாதி வாரத்துக்கும் காணாது. முழுக் கொழும்பும் மரவள்ளி தின்றது.

“என்னடா கிளெமென்ற், இண்டைக்கும் கிழங்கோ?” என்று கேட்பார் கொன்ஸ்ரன்ரைன்.

“ஓம் அண்ணை. நேற்றுக் கிழங்கும் சம்பலும். இண்டைக்குச் சம்பலும் கிழங்கும்.”

கேற்றுக்கு எதிரே மர்ஸூக்கின் தேத்தண்ணிக் கடை. சீனிக்குத் தட்டுப்பாடு வந்ததும் அவர் தேத்தண்ணியில் இஞ்சி தட்டிப் போடத் தொடங்கினார். உறைப்பில் இனிப்பின் குறை தெரியாமல் போகும் என்பது அவருடைய கணக்கு.

மரவள்ளி தின்ற வயிற்றில் இஞ்சி படக்கூடாது என்பது எங்கள் நாட்டில் எந்த வீட்டுக்கும் தெரிந்த சங்கதி. சிங்களவர், தமிழர், சோனகர் என்ற பேதமில்லை. இரண்டும் சேர்ந்தால் நஞ்சு என்று, நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் சொல்லிவைப்பார்கள்.

அன்று கிளெமென்ற் கிழங்கு சாப்பிட்டான். தலையிடிக்கு நல்லது என்று மர்ஸூக்கிடம் ஒரு தேத்தண்ணி குடித்தான். மணி அடித்ததும் மற்றவர்களுக்கு முன்னால் உள்ளே போனான். பின்னால் போனவர்கள் அவனைத் தொட்டிகளுக்கு நடுவே தரையில் கண்டார்கள். தூக்கி வந்து முற்றத்தில் கிடத்தினபோது மூச்சில்லை. முகம் வெளிறவில்லை, வெயிலில் ஓடிவந்தவன் முகம் போலச் சிவந்திருந்தது. கொன்ஸ்ரன்ரைன் குனிந்து அவன் வாயை மணந்து பார்த்தார்.

“மரவள்ளி மணக்குது” என்றார். நிமிர்ந்து கேற்றைப் பார்த்தார். “மர்ஸூக், தேத்தண்ணியில இஞ்சி போட்டனீரோ?”

“போட்டதுதான். எல்லாருக்கும் போட்டதுதானே. அவர் கெழங்கு தின்னு வந்தீக்கிறார் எண்டு நான் கண்டனா?”

அதோடு விசாரணை முடிந்தது. டொக்டர் வந்து பார்த்து, சாப்பாட்டு நஞ்சு என்று எழுதிவிட்டுப் போனார்.

செத்தவீட்டுக்கு நான் போனேன். கிளெமென்றின் மனைவி றோஸி, பெட்டிக்கு அருகில் நிலத்தில் இருந்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே சொல்லைச் சொன்னாள்.

“சட்டிய மூடாமத்தான் அவிச்சனான், ஐயா. ஒரு நாளும் மூடி அவிக்கிறேல்ல.”

மரவள்ளி அவிக்கும்போது சட்டியை மூடக்கூடாது. திறந்து வைத்தால்தான் அதிலுள்ள நஞ்சு ஆவியோடு போகும். தன் பக்கத்து முறை தவறவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து வேறு கதைத்தார்கள்.

“மூடினாளோ திறந்தாளோ, புருசன்ர வாய் மணந்ததெல்லே.”

“அவளிட்ட இனி ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கேலுமோ?”

நான் வீட்டுக்கு வந்து சொன்னபோது, என் மனைவி நாகேஸ்வரி எழுந்து போய்ச் சமையலறையில் கிடந்த இஞ்சியைப் பொறுக்கி மதிலுக்கு அப்பால் எறிந்தாள். “நீங்கள் அந்தத் தேத்தண்ணிக் கடைப் பக்கமே போகப்படாது, சொல்லிப்போட்டன்” என்றாள். போகவேண்டாம் என்று வேலைத்தலத்திலும் சொன்னார்கள். மர்ஸூக்கின் கடை வாங்குகள் குந்த ஆளில்லாமல் வெறுமையாகக் கிடந்தன.

கிளெமென்றின் இடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. கொன்ஸ்ரன்ரைன் நல்ல மனிதர்; அந்தக் குடும்பம் பட்டினி கிடக்கக்கூடாது என்று வேலைத்தலத்தை நடத்தும் துரையிடம் கதைத்து, றோஸியின் தம்பி பேர்னாட்டுக்கு அந்த வேலையை எடுத்துக்கொடுத்தார். அவனுக்குக் கலியாணம் இல்லை, தாய் தகப்பன் இல்லை. அவளுக்கும் இனி அவன் ஒருவன்தான். துறைமுகத்தில் மூட்டை சுமந்த திடகாத்திரமான ஆள். முதல் நாள் நான் அவனுக்குக் கையுறை கொடுக்கும்போது, “தம்பி, உள்ளுக்கு ஏதும் மணக்குதோ?” என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்டும் மணக்கேல்ல கிளாக்கர் ஐயா. அசிட் மட்டும் மூக்குக்குள்ள குத்துது.”

றோஸி வீட்டில் மரவள்ளி அவிப்பதை நிறுத்தினாள். இஞ்சி என்ற பெயரே இல்லை. விடிய முன்னம் பேக்கரி வாசலில் வரிசையில் நின்று பாண் வாங்கி, அதைச் சம்பலோடு கட்டி, மத்தியானம் தானே கேற்றுக்குக் கொண்டுவந்து தம்பியின் கையில் கொடுப்பாள். அவன் தின்று முடியும்வரை நின்று பார்ப்பாள். தண்ணீரும் அவள் போத்தலில் கொண்டுவந்ததுதான். ஆட்கள் சிரித்தார்கள்.

“பேர்னாட், அக்கா உனக்குத் தீத்தியும் விடுவாவோ?”

“உனக்கு ஏன் பொறாமை? உன்ர மனுசி உன்னைப் பார்க்கவே வாறேல்லையே.”

கொஞ்ச நாளில் அவனும் நெற்றியில் ஈரத்துணி கட்டத் தொடங்கினான். கையுறை மாற்ற வந்தவன், ஸ்ரோர் பெட்டியில் குந்திக்கொண்டு எழும்ப மறந்தான். ஏணிப்படியில் ஏறினவன் போல மூச்சு வாங்கினான். “அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்றான்.

சொல்லத் தேவை இருக்கவில்லை. அடுத்த மத்தியானம், துணி கட்டின தடத்தை அவள் அவன் நெற்றியில் கண்டாள். அவனை விட்டுவிட்டு நேரே கேற்றடியில் நின்ற என்னிடம் வந்தாள்.

“ஐயா, இவன் வேற எங்கையும் வாங்கித் தின்னிறவனோ?”

“இல்லைத் தங்கச்சி. நீ கொண்டுவாறது மட்டும்தான்.”

“மர்ஸூக் நானாட கடையில?”

“அங்க ஒருத்தரும் போறேல்லை.”

அவள் முலாம் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, நான் மறிக்கமுன், கேற்றைத் தாண்டி முற்றத்தால் நடந்தாள். பெண்கள் உள்ளே வருவதில்லை. ஒருவரும் மறிக்கத் துணியவில்லை. முலாம் அறை வாசலில் நின்றாள். தார் பூசிய பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கதவைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தாள். உடனே பின்னுக்கு வந்தாள்.

“இது மரவள்ளி மணம்” என்றாள். “உள்ளுக்கு ஆர் கிழங்கு அவிக்கிறது?”

கொன்ஸ்ரன்ரைன் வந்துவிட்டார். “இஞ்ச ஆர் பிள்ளை கிழங்கு அவிக்கிறது? இது வேலை செய்யிற இடம். போ, வெளியில போ.”

“சட்டிய மூடியெல்லோ வச்சிருக்கிறியள், அண்ணை. கொதிக்கிறது எங்க போறது?”

“இருட்டடிப்பு உத்தரவு. பலகையைக் கழட்டினால் என்னை மறியலில போட்டு அடைப்பாங்கள்.”

“பகலிலயுமோ?”

“பகலில கழட்டிப் பொழுதுபட அறைய நீ வருவியோ? நேவி ஓடர் கிடக்கு.” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “கிளெமென்ற் செத்தது ஜன்னலால இல்லைப் பிள்ளை. என்ர மூக்கால மணந்தனான். வீட்டில நடந்ததை இஞ்ச கொண்டுவந்து போடாத.”

முற்றம் முழுக்கக் கேட்டது. றோஸியின் முகம் மாறவில்லை. தம்பியிடம் போய், “வா வீட்ட” என்றாள்.

“விசரே அக்கா? இந்த வேலையும் இல்லாட்டி என்னத்தைத் தின்னிறது? ஆக்கள் சிரிக்கினம், போ.”

அவள் போனாள். நான் பிறகு துரையிடம் போய்ப் பலகையைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். அவர் கொன்ஸ்ரன்ரைனைக் கேட்டார். கொன்ஸ்ரன்ரைன் டொக்டர் எழுதியதைச் சொன்னார். காரியம் அந்த வட்டத்துக்குள் சுற்றி நின்றுவிட்டது. அன்று மாலை கடல் அசையாமல் தகரம் போலக் கிடந்தது. முலாம் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அந்த மணம் முற்றத்தின் பாதிவரை வந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் பாண் கொண்டுவந்து தம்பிக்குக் கொடுத்தாள். பிறகு போகவில்லை. கேற்றடியில் ஓலைக் கடகத்தை இறக்கி, அதிலிருந்து ஒரு மண்சட்டியை எடுத்தாள். ஆவி பறக்கும் மரவள்ளிக்கிழங்கு. எதிர்க்கடையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“மர்ஸூக் நானா, ஒரு இஞ்சித் தேத்தண்ணி.”

மர்ஸூக் கையில் இருந்த கோப்பையைத் துடைப்பதை நிறுத்தினார். “என்னத்துக்குப் புள்ள? மிச்சமீக்கிற கடையையும் மூட வைக்கவா?”

“உங்கட தேத்தண்ணியும் என்ர கிழங்கும்தானே அவரைச் சாகடிச்சது எண்டு சொல்லுகினம். ரெண்டையும் நான் தின்னிறன். எல்லாரும் பார்க்கட்டும்.”

“நீ மவுத்தாகினா எனக்குத் தூக்குத்தான்.”

“நான் சாகேல்லையெண்டால்?”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே போய், அம்மியில் இஞ்சியை வைத்துத் தட்டினார். தெருவெல்லாம் கேட்கும்படி தட்டினார். கிளாஸில் பாதி இஞ்சிச் சக்கையாக இருக்கும்படி ஊற்றிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே குந்தினார்.

அவள் சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள். ஒரு துண்டு கிழங்கு, ஒரு மிடறு தேத்தண்ணி. வேலைத்தலம் முழுவதும் கேற்றுக்கு வந்துவிட்டது. ஒழுங்கைச் சனமும் கூடிற்று. “அடியே நிப்பாட்டடி!” என்று ஒருத்தி அழுதாள். “கண் சிவக்குது, பாருங்கோ” என்றான் ஒருவன். அது இஞ்சியின் உறைப்பு. சட்டி வெறுமையாகும்வரை தின்றாள். சக்கையையும் விடாமல் மென்றாள். பிறகு முழங்காலில் கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தாள்.

எல்லாரும் அவள் விழுவதற்குக் காத்து நின்றோம். வேறொரு சொல்லும் அதற்கு இல்லை. கொன்ஸ்ரன்ரைனின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கூட்டத்தைக் கலைக்க நேரத்துக்கு முன்பே மணியை அடிக்கச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. “பேர்னாட்! நீயெண்டாலும் போ. உன்ர அக்காவால வந்த கூத்து” என்றார். பேர்னாட் வெட்கத்தால் குறுகிப்போய் நின்றவன். பாணின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி முற்றத்தால் போனான். கதவு சாத்திக்கொண்டது. அதை நான் பார்த்தேன். மற்ற எல்லாரும் றோஸியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் விழவில்லை. வெயில் அவள் காலடியிலிருந்து நகர்ந்து போனது. அவள் போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். நிறைந்த வயிற்றோடு ஒரு ஏவறை விட்டாள். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவ முன்னம், முற்றத்தின் கடைசியில் இரும்புச் சாமான்கள் கொட்டுப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் எழும்பினது அவள்தான்.

“மூடியத் திறவுங்கோ!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். “மூடியத் திறவுங்கோ!”

அப்போதுதான் மற்றவர்களுக்கும் விளங்கியது. அலவாங்கை எடுத்தவர் கொன்ஸ்ரன்ரைனே. முதல் பலகையை அவர்தான் பிய்த்தார். நான்கு ஜன்னலும் திறந்து கடற்காற்று உள்ளே அடித்த பிறகு, மர்ஸூக்கும் இன்னொருவனும் ஈரத்துவாயை முகத்தில் சுற்றிக்கொண்டு போய்ப் பேர்னாட்டைக் காலில் பிடித்து இழுத்து வந்தார்கள். முகம் சிவந்திருந்தது. கிளெமென்றின் முகம் போலவே சிவந்திருந்தது. வாய் திறந்திருந்தது.

றோஸி குனிந்து அந்த வாயை மணந்தாள். பிறகு கொன்ஸ்ரன்ரைனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்களும் மணந்து பாருங்கோ, அண்ணை.”

அவர் முழங்காலில் நின்று குனிந்து மணந்தார். எழும்ப நேரம் எடுத்தது.

“இவன் திண்டது பாண்” என்றாள் அவள்.

அந்த நேரம் பேர்னாட்டின் நெஞ்சு ஒருமுறை தூக்கியது. மீன் துடிக்கிற மாதிரி இன்னொருமுறை. பிறகு கட்டையாக, சீரில்லாமல், மூச்சு வரத் தொடங்கியது.

அவன் பிழைத்தான். அதற்குப் பிறகு ஒரு சுமையும் தூக்கமாட்டான், சொல்லைத் தேடித் தேடிக் கதைப்பான்; ஆனாலும் பிழைத்தான். மரவள்ளிக் கதையை ஒழுங்கையில் அதன்பின் ஒருவரும் எடுக்கவில்லை. மர்ஸூக்கின் வாங்குகள் நிறைந்தன.

சாமான் எடுக்க வந்த கடற்படை எஞ்சினியர் ஒருவர் தொட்டிகளைப் பார்த்தார். அசிட் தண்ணீர் முலாம் தொட்டிக்குள் போனால் ஆவி கிளம்பும், மூக்கால் போனாலும் அதே நஞ்சுதான், காற்றோட்டம் வேண்டும் என்று துரையிடம் சொன்னார். துரை தலையாட்டினார். ஓடர் எப்போது முடியும் என்று கேட்டதும் அதே எஞ்சினியர்தான். இரவு வேலைக்கு விளக்குப் போட்டதும் இருட்டடிப்பு வார்டன் விசில் ஊதிக்கொண்டு வந்தார். விடியும்போது நான்கு ஜன்னலிலும் புதுப் பலகை, புதுத் தார்.

கொட்டாஞ்சேனை ஆட்கள் ஒருவரும் அந்த அறைக்குள் போக மறுத்துவிட்டார்கள். கொன்ஸ்ரன்ரைன் நெஞ்சு நோவு என்று வீட்டில் நின்றார். துரை தெமட்டகொடைப் பக்கத்திலிருந்து, கதை தெரியாத புது ஆட்களை லொறியில் கொண்டுவந்தார்.

மத்தியான மணி அடித்தபோது றோஸி கேற்றடியில் இருந்தாள். தம்பிக்கு இப்போது அங்கே வேலையில்லை. அவளுக்கு அங்கே வரக் காரணமும் இல்லை. முன்னால் சட்டி திறந்திருந்தது, பக்கத்தில் இஞ்சித் தேத்தண்ணி. புது ஆட்களில் ஒருவன், மீசை அடர்ந்த சிங்களவன், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தான். அவள் சாப்பாட்டைக் கண்டு திடுக்கிட்டு நின்றான்.

“மல்லி, மொனவத கேவே?” என்று கேட்டாள். தம்பி, என்ன சாப்பிட்டாய் என்று.

“பாண்” என்றான் அவன்.

“தலையிடிக்குதோ?” என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அவன் ஆமென்று தலையசைத்தான். அவள் ஒரு துண்டு கிழங்கை வாயில் போட்டு, அதன்மேல் தேத்தண்ணியைக் குடித்து, பக்கத்து நிலத்தைக் கையால் தட்டினாள். அவன் குந்தினான். இருவரும் முற்றத்தின் கடைசியில் கறுத்துக் கிடந்த நான்கு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை மணி அடித்தது. உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். அவன் எழும்பவில்லை.